மூன்றரை மணிச் சுதந்திரம்

பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்டது என்று சொல்வதற்காக எந்தப் பள்ளிக்கூடமும் பியூனை ஒரு மைல் வெயிலில் நடத்தி அனுப்புவதில்லை. அதனால் தாராவியில் டிரங்குப் பெட்டிப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்த பூலோகத்துக்கு, மாதுங்காவிலிருந்து வந்த பியூன் நீட்டிய காகிதத்தைக் கண்டதுமே இது நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘தங்கள் குமாரத்தி பதினோராம் வகுப்பு பூ. சண்முகவடிவு பேச்சுரிமையைத் துஷ்பிரயோகம் செய்தமை குறித்து’ என்று ஆரம்பித்தது. துஷ்பிரயோகத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“என்னய்யா செஞ்சா எம் பிள்ள?” என்று பியூனைக் கேட்டார்.

“பேசிட்டா.”

“யாரோட?”

“யாரோடயும் இல்ல. மேடையில நின்னு பேசிட்டா.”

“பேசச் சொல்லித்தான மேடையில ஏத்துனாங்க?”

“அத அங்க வந்து கேளுங்க. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பியூன் நடையைக் கட்டினான்.

மாதுங்காவில் தென்னிந்தியர் அறிவொளிச் சபை நடத்திய அந்தப் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குப் பேச்சுரிமை உண்டு. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் மூன்றரை மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடிந்துவிடும். ‘மாணவர் சுதந்திரப் பேச்சு மன்றம்’ என்று வாசலில் பலகைகூடத் தொங்கியது. பேச விரும்புகிறவர் தலைப்பைத் தாமே சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தலைப்புகள் நான்கு: பசு, சிக்கனம், ஒழுக்கம், நீரின் பெருமை. தலைப்பைத் தேர்ந்தெடுத்தபின் பேச்சைத் தமிழ்ப் பண்டிதர் எழுதித் தருவார். அதை மூன்று பிரதி எடுத்து ஹெட்மாஸ்டருக்கு ஒன்று, காரியதரிசிக்கு ஒன்று, பண்டிதருக்கே ஒன்று என்று ஒப்படைக்க வேண்டும். பேசுகிறவருக்குப் பிரதி கிடையாது, அவர் மனப்பாடம் செய்திருப்பார் என்பது எதிர்பார்ப்பு. இதற்கெல்லாம் மேலே, ‘என் பிள்ளை தன் சொந்தக் கருத்தைச் சொல்ல எனக்குச் சம்மதம்’ என்று தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும். பூலோகம் போட்டிருந்தார்.

சபையின் காரியதரிசி பிரம்மநாயகம் ரயில்வே ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையரானவர். செம்பூரில் சொந்த ஃபிளாட். ரிடையரான மறுநாள் காலையில் ஆள்வதற்கு ஒருவரும் இல்லாமல் தவித்துப்போய், சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டவர் என்று சொல்வார்கள். பூலோகம் பட்டறைச் சேட்டிடம் அரைநாள் சுட்டி, அதாவது லீவு, கேட்டு வாங்கிக்கொண்டு, துவைத்த சட்டையோடு அவர் முன்னால் போய் நின்றார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் கணேசபாண்டியன் இருந்தார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். தலையாட்டுவது ஒரு வேலை, அதை அவர் ஒழுங்காகச் செய்துவந்தார்.

“மிஸ்டர் பூலோகம், உட்காருங்க” என்றார் பிரம்மநாயகம். நாற்காலி கிடையாது. “நான் முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் பண்ணவன். என் ஆபீஸ்ல நானூறு பேர். நானூறு பேருக்கும் பூரணப் பேச்சுச் சுதந்திரம் கொடுத்திருந்தேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், அதை உபயோகிச்சதில்லை. அதுக்குப் பேருதான் டிசிப்ளின்.”

ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார்.

“சரிங்கய்யா” என்றார் பூலோகம். இருபது வருஷம் தகரம் தட்டிய காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் சரி என்றாலும் ரெண்டு தெருவுக்குக் கேட்கும்.

“மெல்லப் பேசுங்க, பக்கத்துல எட்டாங் கிளாஸ் நடக்குது. உங்க டாட்டர் போன வெள்ளிக்கிழமை நீரின் பெருமை பத்திப் பேசினா. எஜுகேஷன் இன்ஸ்பெக்டர் முன் வரிசையில உட்கார்ந்திருந்தார். நல்லாத்தான் பேசினா. ‘நீரின்றி உயிரில்லை, ஆகவே மாணவ மணிகள் நாள்தோறும் பன்முறை நீர் பருகுதல் வேண்டும்’னு பண்டிதர் எழுதினதை அப்படியே சொன்னா. சொல்லிட்டு நிறுத்தியிருக்கணுமா இல்லையா? நிறுத்தலை. பிரதியில இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொந்தமாச் சேர்த்துட்டா.”

“என்னத்தச் சொன்னாய்யா?”

“அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? சொன்னா நானும் அதே குற்றத்தைப் பண்ணினவன் ஆயிடுவேன்.”

பூலோகம் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“இன்ஸ்பெக்டர் அய்யா கோவிச்சுக்கிட்டாங்களா?”

“அவர் கை தட்டினார்” என்றார் பிரம்மநாயகம் எரிச்சலோடு. “மராட்டிக்காரர், அவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. நான் பதறி எழுந்து ‘ஸ்டாப், ஸ்டாப்’னு கத்தினப்புறம்தான் அவர் என்ன விஷயம்னு கேட்டார். தண்ணியைப் பத்திப் பேசறப்போ பெண்ணுக்கு உணர்ச்சி மேலிட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். மிஸ்டர் பூலோகம், சீனாக்காரன் எல்லையில வந்து நின்னு இன்னும் ஒரு வருஷம் ஆகலை. தேசம் இந்த நிலைமையில இருக்கிறப்போ ஒரு பெண், மைக் முன்னாடி நின்னு, அந்த மாதிரி ஒரு இடத்தைப் பத்தி, அதுவும் பூட்டு உட்பட...” சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவரும் அரை வாக்கியம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வடிவின் எஸ்.எஸ்.ஸி. பரீட்சை ஃபாரம் அவர் மேஜைமேல் இருந்தது. நவம்பர் பாதிக்குள் அது பூனா போய்ச் சேர வேண்டும். காரியதரிசி கையெழுத்தும் பள்ளிக்கூட சீலும் இல்லாமல் அது போகாது. தகப்பனார் முறைப்படி எழுத்தில் மன்னிப்புக் கேட்காமல் கையெழுத்து விழாது.

பூலோகம் அந்த ஃபாரத்தையே பார்த்தார். அவருடைய சந்தில் எஸ்.எஸ்.ஸி. வரைக்கும் வந்த பெண்பிள்ளை வடிவு ஒருத்திதான். “இத்தன படிப்பு என்னத்துக்கு, எவன் கட்டுவான்” என்று சொந்தபந்தமெல்லாம் நாலு வருஷமாகக் காது புளிக்கச் சொல்லியும் விடாமல் படிக்க வைத்தவர். ஆபீஸில் டைப் அடிக்கப் போவாள் என்று அவருக்கு ஒரு ஆசை. அந்த ஆசை இப்போது அந்த மேஜைமேல் ஒரு பேப்பர்வெயிட்டுக்கு அடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். வடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. “அத விடுப்பா. மன்னிப்பு எழுதிக் குடுத்துரு, தீந்துபோவும்” என்றாள்.

எழுதினார். ‘அய்யா அவர்களுக்கு, எம் மகள் தெரியாமல் பேசிவிட்டாள், மன்னிக்கவும்’ என்று எழுத ஒரு முழு சாயங்காலம் ஆயிற்று. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: ‘எதற்காக மன்னிப்புக் கோரப்படுகிறது என்பது குறிப்பிடப்படாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

“என்ன பேசுனான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். இவளும் வாயத் தொறக்க மாட்டேங்கா. என்னத்தன்னு நான் எழுத?” என்று பெண்டாட்டி பேராச்சியிடம் சத்தம் போட்டார்.

பேராச்சி வாசலுக்குப் போய் மகள் குழாயடியில்தான் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

“உங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவா, பொட்டப்பிள்ள? ‘எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைக காலையில இருந்து தண்ணியே குடிக்கமாட்டோம், கக்கூஸ் பூட்டிக் கெடக்கு’ன்னு சொல்லிட்டா. அம்புட்டுதான்.”

“பூட்டிக் கெடக்கா?”

“ரெண்டு வருசமா. மசாலா யாவாரி எவனோ பணம் குடுத்துப் பிள்ளைகளுக்குன்னு கட்டுனது. பளிங்குக் கல்லுல பேரெல்லாம் வெட்டி, மால போட்டுத் தொறந்தாங்கல்ல? தொறந்த அன்னிக்கே பூட்டிட்டாங்க. பிள்ளைக போனா அழுக்காயிருமாம். பெரிய மனுசன் யாராச்சும் பாக்க வந்தா மட்டும் காரியதரிசி வீட்டுல இருந்து சாவி வரும். ஆம்பளப் பயலுவ ரயில்வே சொவத்துக்கு ஓடிப்போயிருதானுவ. இதுக எங்க போவும்? காலையில ஒரு வாய் காப்பி. பொறவு வீட்டுக்கு வந்துதான்.”

போன வருஷமும் இந்த வருஷமும் வடிவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததும், சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் பூலோகத்தின் நினைவுக்கு வந்தன. “பானி நை பீத்தி க்யா?” என்று டாக்டரம்மா அதட்டினாள். அவரும் சேர்ந்துகொண்டு, “ஏட்டி, தண்ணி குடிக்க என்ன கேடு ஒனக்கு? அதயும் நானா ஊட்டணும்?” என்று அத்தனை பேர் நடுவில் மகளை ஏசினார். அதோடு விட்டாரா? காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது லோட்டாவை நீட்டி, தன் கண் முன்னால் குடிக்க வைத்தார். அவளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு அந்த நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. என்ன தகப்பன் நான் என்று தோன்றியது.

குடத்தோடு உள்ளே வந்த வடிவு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அம்மா சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டாள்.

“யப்பா, வேணுமின்னு சொல்லல. ‘பன்முறை நீர் பருகுதல் வேண்டும்’னு சொல்லும்போது முன்னால எங்க பிள்ளைக எல்லாம் ஒதட்டக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாளுக. எனக்கே சிரிப்பு வந்துட்டு. வாயில வந்துட்டு.”

“நீ சொன்னதுல தப்பே இல்லட்டி.”

“தப்பில்லன்னு ஃபாரத்துல எழுதித் தருவாங்களா? கையெழுத்து வாங்கித் தாப்பா. பரிச்ச எழுதணும்.”

அதனால் பூலோகம் இரண்டாவது மன்னிப்பு எழுதினார். கேட்டபடி எதற்காக மன்னிப்பு என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, மகள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அதில் எழுதினார். பிரம்மநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தது.

“என்ன எழுதியிருக்கு? படிங்க.”

பூலோகம் படித்தார். பட்டறைக் குரல். கக்கூஸ் பூட்டிக் கெடக்கு என்று முடித்தபோது பக்கத்து எட்டாம் வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒரு பெண் கைகூடத் தட்டினாள்.

பிரம்மநாயகத்துக்கு முகம் செத்துப்போயிற்று. “மகள் ஒரு தடவை சொன்னா. தகப்பனார் எழுத்துல ஒரு தடவை, வாயால ஒரு தடவை. ஆக மொத்தம் மூணு குற்றம்” என்றார்.

“நீங்கதான அய்யா படிக்கச் சொன்னீய?”

“படிக்கச் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கறாப்பல படிக்கச் சொல்லலை!”

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை ஒன்று வகுப்புக்கு வகுப்பு போயிற்று. பள்ளி எல்லைக்குள் கக்கூஸ், பூட்டு, சாவி, தண்ணீர் என்ற சொற்களை மறு உத்தரவு வரும்வரை எவரும் உச்சரிக்கக் கூடாது. ஆசிரியர்களும் இதில் அடக்கம். பூகோள வாத்தியார் மறுநாள் கோதாவரியில் ஓடுவது எதுவென்று சொல்ல முடியாமல் ‘அதில் ஓடுகிறது’ என்று மட்டும் சொல்லி முடித்தார். விஞ்ஞான வாத்தியார் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்துவிட்டு, என்ன கிடைக்கிறது என்று சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியே போய்விட்டார். ராத்திரி கேட்டைப் பூட்ட வேண்டிய பியூன், ஹெட்மாஸ்டரிடம் போய், “சார், அந்தச் சாமானை அந்தச் சாமானால அப்படிப் பண்ணட்டுமா?” என்று அனுமதி கேட்டான். ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார்.

மூன்றாவது மன்னிப்பில் பூலோகம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார், அல்லது அப்படி நினைத்துக்கொண்டார். பட்டறையில் கணக்கெழுதும் பையன் ஒருவன் யோசனை சொல்ல, அந்த வாக்கியம் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் வைத்தார். ‘எம் மகள் ........... என்று சொன்னதற்கு மன்னிக்கவும்.’ இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

சபை இதற்கென்று மூன்று பேர் விசாரணைக் கமிட்டி போட்டது. காரியதரிசி, ஹெட்மாஸ்டர், பண்டிதர் ஆறுமுகநயினார். கமிட்டி இரண்டு மணி நேரம் கூடியது. பூலோகம் வெளியே நின்றார். நிற்கிறபோது அவருக்கு அலுப்புத் தட்டியது. கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. இந்த ஒரு மாதத்தில் இதே தூணில் எத்தனை தடவை சாய்ந்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். எதிரே அந்தப் பளிங்குக் கல் பளபளவென்று இருந்தது. பியூன் அதைத் தினமும் துடைப்பான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

“எத்தனை புள்ளி வச்சிருக்கீங்க?” என்றார் பிரம்மநாயகம்.

“எண்ணி வைக்கலய்யா.”

“நாங்க எண்ணினோம். பதினொண்ணு. அந்த வாக்கியத்துல எத்தனை வார்த்தை தெரியுமா? பதினொண்ணு. ஒரு வார்த்தைக்கு ஒரு புள்ளி. இதைப் பார்க்கிறவன் யாரா இருந்தாலும் அந்த வாக்கியம்தான் ஞாபகத்துக்கு வரும். இது குறிப்பால் உணர்த்தறது. நேராச் சொல்றதைவிட மோசம்.”

“வார்த்தையை எண்ணுறதுக்கு நீங்க அத மனசுக்குள்ள சொல்லிப் பாத்திருப்பீயளே அய்யா?” என்று பூலோகம் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே சந்தேகம்.

பண்டிதர் ஆறுமுகநயினார் செருமினார். அவர் நல்ல மனிதர்தான். மாணவர்களின் சொந்தக் கருத்துகளை எல்லாம் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஆளாக எழுதி எழுதிக் களைத்துப்போனவர். “காரியதரிசி அவர்களே, மன்னிப்பையும் நானே எழுதித் தந்துவிடுகிறேனே. பெண் வந்து மன்றத்தில் பேசட்டும்” என்றார்.

பிரம்மநாயகத்துக்கு அது பிடித்துப்போயிற்று. “கரெக்ட். குற்றம் எங்க நடந்துச்சோ அங்கதான் மன்னிப்பும் நடக்கணும். இன்ஸ்பெக்டரையும் வரவழைக்கிறேன்.”

“அவருக்குத்தான் என்ன சொன்னான்னே தெரியாதே?” என்றார் பூலோகம்.

“அதனால என்ன? குற்றத்தைப் புரியாமக் கேட்டார், மன்னிப்பையும் புரியாமக் கேக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

மன்னிப்புப் பேச்சு மூன்று பிரதியில் தயாரானது. ‘எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சுய விருப்பத்தின் பேரில்’ என்று தொடங்கியது. அந்தச் சுய விருப்பத்தைப் பிரம்மநாயகம் இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். அதற்கும் தகப்பன் சம்மதக் கையெழுத்து வேண்டியிருந்தது. போட்டார். மூன்று நாள் வடிவு மண்ணெண்ணெய் விளக்கடியில் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பூலோகம் ஒருமுறை, “வேண்டாம்னா சொல்லுட்டி, வேற வழி பாப்போம்” என்றார்.

“வேற வழி என்னப்பா இருக்கு?” என்றாள் அவள்.

ஃபாரத்துக்குக் கடைசி நாள் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்குச் சுதந்திரம் ஆரம்பித்தது. மேடையில் இன்ஸ்பெக்டர், கமிட்டி மூன்று பேர், ஓரமாக ஒரு ஸ்டூலில் பூலோகம். இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்பதால் சாவி செம்பூரிலிருந்து வந்து பிரம்மநாயகத்தின் கோட்டுப் பையில் இருந்தது. மேஜைமேல் வடிவின் ஃபாரம், பக்கத்தில் மை நனைத்த ஸ்டாம்ப் பேட், சீல். மன்னிப்பு முடிந்ததும் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுப்பதாக ஏற்பாடு. கருணைக்கும் சாட்சி வேண்டும் அல்லவா?

வடிவு பேசினாள். ஒரு சொல் தட்டவில்லை. தன் நாவின் தறிகேட்டுக்கு வருந்துவதாகவும், பெரியோர் பூட்டியவை யாவும் நன்மைக்கே என்பதைத் தான் தாமதமாக உணர்ந்ததாகவும், இனித் தன் உள்ளத்தில் தோன்றுவதை ஒருக்காலும் வெளியிடுவதில்லை என்றும் சுய விருப்பத்தின் பேரில் சொன்னாள். பூலோகம் தலையைக் குனிந்துகொண்டார். தகரத்தில் கை கிழிந்து தையல் போட்டபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கை தட்டினார்.

“இதுதான் பேச்சுரிமை!” என்றார் பிரம்மநாயகம். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. “தப்பாப் பேசவும் உரிமை கொடுத்தோம், அதுக்கு மன்னிப்புக் கேக்கவும் உரிமை கொடுத்தோம். வேற எந்த ஸ்கூல்ல ரெண்டும் கொடுக்கறாங்க?” ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். சீலை எடுக்கப் போனவர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் நாலு நிமிஷம் சுதந்திரம் பாக்கி இருக்கு. யாராவது ஏதாவது சொல்லணுமா?”

இது ஒவ்வொரு வாரமும் கேட்கிற கேள்விதான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ‘மாணவர்கள் ஏகமனதாகத் திருப்தி தெரிவித்தனர்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்வார்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வடிவோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சைனப். எழுந்து நின்று, பண்டிதர் சொல்லிக்கொடுத்திருந்தபடி சுத்தமான தமிழில், “ஐயா, வெளியே செல்ல அனுமதி வேண்டும்” என்றாள்.

“கூட்டம் முடியட்டும், உட்கார்.”

அவள் உட்காரவில்லை. பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். “ஐயா, வெளியே செல்ல அனுமதி வேண்டும்.” அவளுக்குப் பின்னால் மூன்று பேர். அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும். தடை செய்த சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பிரம்மநாயகம் விதிப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். எழுபத்தாறு பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “காய் ஸாங்தாயத் முலி?” என்று கேட்டார். என்ன சொல்கிறார்கள் இந்தப் பிள்ளைகள்?

“நத்திங், சார். தே ஆர் வெரி ஹேப்பி” என்றார் பிரம்மநாயகம்.

இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அவர் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். பண்டிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

பூலோகம் மேஜையைப் பார்த்தார். கையெழுத்து ஆகிவிட்டது, சீல் பாக்கி. இப்போது வாயைத் திறந்தால் ஐந்து வாரம் நடந்த நடை, மூன்று மன்னிப்பு, மகள் சற்று முன் விழுங்கின மானம் எல்லாம் வீண். மகளைப் பார்த்தார். மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் வடிவு நின்றாள். அவளும் கையைத் தூக்கியிருந்தாள்.

அட, போனால் போகிறது என்று எழுந்துவிட்டார்.

“சாப்!” என்றார். மைக் தேவைப்படவில்லை. “பச்சி லோக் கோ சண்டாஸ் ஜானே கா ஹை. சண்டாஸ் கோ தோ சால் ஸே தாலா ஹை. சாவி இன் கே கோட் மே ஹை. ஸுபே ஸே கோயி பானி நை பீத்தா, சாப்!”

பிள்ளைகளுக்குக் கக்கூஸுக்குப் போகணும், கக்கூஸ் ரெண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, சாவி இவர் கோட்டில் இருக்கிறது, காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. ஐந்து வாரம் மூன்று படித்தவர்கள் கூடிப் புதைத்த விஷயம் தாராவி இந்தியில் அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். பிரம்மநாயகத்தின் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். “சாவி” என்றார். அந்தச் சொல் மட்டும் மராட்டியிலும் தமிழிலும் ஒன்றாகவே இருந்து தொலைத்தது.

“சார், ப்யூர் மார்பிள் சார், கறை பட்டா போகாது...” என்று பிரம்மநாயகம் சொல்லிக்கொண்டே சாவியோடு பின்னால் ஓடினார். ஹெட்மாஸ்டர் அவர் பின்னால். பண்டிதர் ஹெட்மாஸ்டர் பின்னால். எழுபத்தாறு பெண்களும் வரிசை குலையாமல் அவர்களுக்குப் பின்னால் போனார்கள். வடிவும் மேடையிலிருந்து குதித்து ஓடிவிட்டாள். ‘நேரமின்மையால் நன்றியுரை நடைபெறவில்லை’ என்று அன்றைய கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

மேடையில் பூலோகம் மட்டும் நின்றார். முன்னால் மேஜை. ஃபாரம், ஸ்டாம்ப் பேட், சீல். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஓர் ஈ காக்கை இல்லை. கேட்டால் யார் அனுமதி கொடுப்பார்கள் என்று யோசித்தார். யோசித்து யோசித்து அவருக்கு அலுத்துவிட்டது. சீலை எடுத்தார், மையில் ஒற்றினார், கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரே குத்துக் குத்தினார். தொழில் தெரிந்த கை, கோணாமல் விழுந்தது. ஊதிக் காயவைத்து, நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நாளைக்கே சேட்டிடம் சுட்டி வாங்கி, ரிஜிஸ்தர் தபாலில் அவரே பூனாவுக்கு அனுப்பிவிடுவார்.

வெளியே வந்தார். பளிங்குக் கல்லுக்குக் கீழே கதவு திறந்திருந்தது. வரிசை வாசல் கேட் வரைக்கும் நீண்டிருந்தது. கடைசியில் ஓடிவந்ததால் வடிவு வாலில் நின்றாள்.

“யப்பா, எனக்கு நேரமாவும். நீ பட்டறைக்குப் போ” என்றாள்.

“பரவால்லட்டி. நீ போய்ட்டு வா, நான் நிக்கேன்” என்று பூலோகம் படியில் உட்கார்ந்தார்.